பருவத்திற்கேற்ற கோழி

கோழி வளர்க்கப் புகுவோர் பலரும் முதற்கண் வினவுவது, "ஆண்டிற்கு எத்தனை முட்டை?" என்பதே. "இந்நிலத்தின் பருவத்தை இது தாங்குமோ?" என்பதே முதல் வினாவாதல் வேண்டுமென்பது எமது துணிபு.

கனடா தேசத்துக் கியூபெக் மாகாணத்தை நோக்குவோம். ஆங்குப் பனிக்காலத்துக் கடுங்குளிர், கோழியின் பெருங்கொண்டையையும் தாடியையும் உறையச்செய்து கருக்கிவிடும். புண்பட்ட சேவலுக்கு இனம்பெருக்கும் ஆற்றல் குன்றும். ஓக்கா மடத்துத் துறவியாகிய வில்பிரிட் சகோதரர், 1908-ஆம் ஆண்டு தொடங்கி, கார்னிஷ், லெகார்ன், ரோட் ஐலண்டு ரெட், வையாண்டாட், பிளிமத் ராக் என்னும் ஐவகைக் கோழிகளைக் கலந்து, பத்தாண்டு முயன்று, சிறுகொண்டையும் சிறுதாடியும் உடைய சாண்டெகிளேர் இனத்தைத் தோற்றுவித்தார். முட்டை, இறைச்சி இரண்டிற்கும் உதவுவது அது.

எனினும் அதனையே நம் சமவெளிக் கோடைக்குக் கொணர்தல் தகுமோ? கோழிக்கு வியர்வையில்லை, மூச்சிரைத்தும், கொண்டை தாடிகளின் வழியாகவும் அது உடற்சூட்டைத் தணித்துக்கொள்கின்றது. ஆங்குக் கேடாயது ஈங்கு நலமாகின்றது.

பத்துக் கோழிகளையே உடைமையாகக் கொண்ட குடும்பத்திற்கு, ஒரு பருவத்தில் அவை மடியின் மறுபருவத்திற்கு முதல் இல்லை. ஆதலின் ஊர்திரும்பும் மாணவர்காள்! கோழி வாங்குவார்க்கு அறிவுரை கூறப்புகின், முட்டைக் கணக்கிற்கு முன்னே வெயிலையும் குளிரையும் கணக்கிடுமின்.