தக்காளி பறிக்காத தாத்தா

விடிகாலையில் குருபரப்பள்ளி நெடுஞ்சாலை ஓரம் நின்று பாருங்கள். கழுத்தில் அட்டை தொங்காத இளம் பிள்ளையைக் காண்பது அரிது. ஓசூர்ப் பக்கம் போகிற கம்பெனி பஸ், இங்கேயே சிப்காட்டுக்குள் திரும்புகிற வேன் என்று ஒன்று மாற்றி ஒன்று வந்து அள்ளிக்கொண்டு போகும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டு வந்தவர்கள் பஸ்ஸுக்குள் தமிழ் பேசுவார்கள். அந்த அட்டையில் பெயர் இருக்கும், எண் இருக்கும், அதற்குக் கீழே ரத்த வகை இருக்கும்.

எங்கள் தெருப் பையன் ஒருவன் அந்த அட்டைக்காகவே இரண்டு வருஷம் ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் பிரிவு படித்தான். போன மாதம் ஒரு கம்பெனியில் எழுத்துத் தேர்வும் நேர்காணலும் தாண்டி மெடிக்கல் வரைக்கும் போய்விட்டான். அங்கே ஒரு புத்தகத்தைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். பக்கத்துக்கு ஒரு வட்டம், வட்டம் முழுக்கப் பல நிறப் புள்ளிகள். முதல் பக்கத்தில் 12 என்று படித்தான். இரண்டாவது பக்கத்தில் 3 என்றான். அதற்கப்புறம் பல பக்கங்களில் அவனுக்குப் புள்ளிகள் மட்டும்தான் தெரிந்தன.

இரண்டாவது பக்கத்தில் இருப்பது 8. ஜப்பானியக் கண் மருத்துவர் ஷினோபு இஷிஹாரா 1917-இல் வெளியிட்ட புத்தகம் அது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத கண்ணுக்கு அந்த எட்டின் ஒரு பக்கம் மறைந்து மூன்றாகத் தெரியும். முதல் பக்கத்து 12 மட்டும் எல்லாருக்கும் தெரியும்படி வரைந்தது. பையனுக்குத் தன் கண் இப்படி என்பது அன்றைக்குத்தான் தெரியும். அவனுக்கு வயது 20.

அன்று இரவு அவன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால் தெருவில் இந்த மாதிரிக் கேள்விகள் என் வாசலுக்கு வரும். திண்ணையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தார்.

“சார், எங்க அத்தை சொல்றாங்க, இது எங்க வீட்டுச் சீக்காம். நான்தான் கொண்டாந்து பையன் தலையில கட்டிட்டேனாம். நெஜமா சார்?”

பதில் சொல்லுமுன் ஒன்று கேட்டேன். உங்கள் அப்பாவுக்கு நிறம் பார்ப்பதில் ஏதாவது தகராறு இருந்ததா? யோசித்தார். பிறகு தானாகவே ஒரு விஷயம் வெளியே வந்தது. ராயக்கோட்டை பக்கம் அவருக்குப் பிறந்த வீடு. அப்பா தக்காளி போட்டவர். உழுவார், மருந்தடிப்பார், கூடை தூக்குவார், மண்டிக்குக் கொண்டுபோய் விலை பேசுவார். ஆனால் பறிக்க மட்டும் இறங்கமாட்டார். இறங்கினாலும் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “இது பழுத்துதா, பார்த்துச் சொல்லும்மா” என்பார். அப்பாவுக்கு அது சோம்பல் என்று அம்மா கடைசிவரை திட்டினாராம். செத்துப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது. அந்த மனிதருக்குப் பழமும் இலையும் ஒரே நிறத்தில் தெரிந்தன என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாமலே போயிற்று.

நான் அவருக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். சிவப்பையும் பச்சையையும் பிரித்துக் காட்டும் இரண்டு மரபணுக்களும் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. ஏறக்குறைய ஒரே மாதிரியான இரண்டு மரபணுக்கள், ஒட்டு வீடு மாதிரி அடுத்தடுத்து. கருமுட்டை உருவாகும்போது இரண்டு எக்ஸும் பக்கத்தில் பக்கத்தில் வந்து துண்டுகளை மாற்றிக்கொள்ளும். அடுத்தடுத்த வீடுகள் ஒரே சாயலில் இருப்பதால் அடையாளம் தவறி, ஒன்று விட்டுப் போகும், அல்லது இரண்டும் கலந்து ஒன்றாகும். குறை பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று கெட்டாலும் மற்றது காப்பாற்றும். ஆணுக்கு இருப்பது ஒரே ஒரு எக்ஸ், அதுவும் அம்மா கொடுத்தது. அது கெட்டிருந்தால் மாற்று கிடையாது. அதனால்தான் ஐரோப்பிய வம்சத்து ஆண்களில் 100-க்கு 8 பேருக்கு இந்தக் குறை இருக்கும்போது, பெண்களில் 200-க்கு ஒருவருக்குத்தான் இருக்கிறது. நம் நாட்டில் இதைவிடக் குறைவு.

இனி அந்தத் தாத்தாவுக்கு வருவோம். அவருடைய ஒரே எக்ஸ் மகள்களுக்குப் போயே தீரும். மகனுக்குப் போகவே போகாது, மகனுக்கு அவர் கொடுப்பது ஒய். ஆக அவர் பெற்ற மகள்கள் எல்லாரும் அந்தக் கண்ணைச் சுமப்பார்கள், அவர்களுக்குப் பார்வை நன்றாகவே இருக்கும். அவர்கள் பெறும் ஒவ்வொரு மகனுக்கும் பூவா தலையா கணக்கு. பேரன் என்கிற சொல் பெயரன் என்பதிலிருந்து வந்தது. பாட்டன் பெயரைத் தாங்குகிறவன். எங்கள் தெருப் பையனுக்கும் அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். பெயர் அந்தத் தாத்தாவுடையது, கண் இந்தத் தாத்தாவுடையது.

மூன்று நிறப் பூனையைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளையும் கறுப்பும் செம்பட்டையும் திட்டுத் திட்டாக. அது அநேகமாகப் பெட்டையாகத்தான் இருக்கும். பெண்ணுடம்பின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று அடங்கிப்போய் மற்றது மட்டும் வேலை செய்கிறது என்று மேரி லயன் 1961-இல் சொன்னார். பூனையின் தோலில் தெரிவது அதுதான். இந்த அம்மாவின் விழித்திரையும் அப்படிப்பட்ட ஒட்டுப்போட்ட போர்வைதான். சில இடங்களில் தாய் கொடுத்த பார்வை, சில இடங்களில் அப்பா கொடுத்த பார்வை. அப்பாவுக்குப் பழம் பார்த்துச் சொன்ன அந்தச் சிறுமியின் கண்ணுக்குள்ளேயே அப்பாவின் கண்ணும் இருந்திருக்கிறது. இதைச் சொன்னபோது அவர் அழுதார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

“அப்போ நான்தான் சார் குடுத்திருக்கேன்.”

ஆமாம் அம்மா, வழி நீங்கள்தான், குற்றம் உங்களுடையது இல்லை என்றேன். அதோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. இந்தப் பையன் பிறக்குமுன் அவருக்கு இரண்டு பெண்கள். அந்த இரண்டு பிரசவத்தின்போதும் இதே மாமியார் என்ன பேசினார் என்பது தெருவுக்கே தெரியும். பெண்ணா பிள்ளையா என்பதை முடிவு செய்வது ஆணின் அணுவில் வருகிற எக்ஸா ஒய்யா என்பது மட்டும்தான். நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி மாவுப்புழுக்களை நுண்ணோக்கியில் வைத்து இதற்கு ஆதாரம் கண்டது 1905-இல். அதற்குப் பிறகு 87 வருஷம் கழித்து, 1992-இல், பெண் சிசுக்களைக் காப்பாற்ற சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்தது. பிற்பாடு அது தருமபுரிக்கும் வந்தது. அப்போது நாங்களும் தருமபுரி மாவட்டம்தான், கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-இல். இந்த மண்ணில் எத்தனை பெண்கள், கணவன் கொடுத்த எக்ஸுக்காகத் தாங்கள் அடி வாங்கினார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு எரிகிறது. வகுப்பில் கட்டம் போட்டு எக்ஸ், ஒய் எழுதிப் பக்கத்தை நிரப்பினோம். அந்தக் கட்டம் பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

பேச்சு அதோடு முடியவில்லை. தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார். பையன் அப்ரண்டிஸாக இருந்தபோது கொடுத்த அட்டையில் ஓ பாசிட்டிவ் என்று போட்டிருந்ததாம். அப்பா ஏ, அம்மா பி. “அப்ப இவன் எங்கிருந்து ஓ?” என்று மாமியார் ஒருநாள் சோற்றுக்கு முன்னால் கேட்டிருக்கிறார். கணவர் எதுவும் பேசவில்லையாம். அந்தப் பேசாமல் இருந்ததைத்தான் இந்தப் பெண் இரண்டு வருஷமாக மனசில் போட்டுப் புழுங்கியிருக்கிறார்.

நான் எழுந்துபோய்க் காகிதம் எடுத்து வந்தேன். கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901-இல் ரத்த வகைகளைப் பிரித்துக் காட்டினார். அவை எப்படி இறங்கி வருகின்றன என்ற கணக்கைச் சரியாகப் போட்டவர் ஃபெலிக்ஸ் பெர்ன்ஸ்டைன், மருத்துவர் இல்லை, கணித அறிஞர். மற்றவர்கள் சேர்த்து வைத்த எண்ணிக்கைகளை வைத்தே 1924-இல் விடை கண்டார். அப்படிச் சேர்ந்த எண்ணிக்கைகளில் நம் ஆட்களும் உண்டு. முதல் உலகப் போரின்போது சலோனிகா முகாமில் லுட்விக், ஹன்னா ஹிர்ஸ்ஃபெல்ட் தம்பதி பல நாட்டுப் படைவீரர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். ஆங்கிலேயரில் 100-க்கு 7 பேர்தான் பி. இந்தியச் சிப்பாய்களில் 41 பேர்.

கணக்கு எளிது. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஏ, பி இரண்டும் வெளியே தெரியும். ஓ அவற்றின் பின்னால் ஒளிந்துகொள்ளும். அப்பா ஏ என்றால் ஏயும் ஓவும் இருக்கலாம். அம்மா பி என்றால் பியும் ஓவும் இருக்கலாம். அப்படிப்பட்ட இருவருக்கு நான்கு வகையிலும் பிள்ளை பிறக்கும். மகள்களின் அட்டையைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். போன் போட்டுக் கேட்டார். பெரியவள் ஏபி, சின்னவள் பி. பெரியவளுக்கு இரண்டும் வந்திருக்கிறது, பையனுக்கு இரண்டு ஓவும் வந்திருக்கிறது, கணக்கு அச்சடித்த மாதிரி இருக்கிறது, அந்தக் காகிதத்தையே கொண்டுபோய் வீட்டில் காட்டுங்கள் என்றேன். மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

ஏபி பெற்றோருக்குக்கூட ஓ என்று காட்டும் பிள்ளை பிறக்கலாம், அபூர்வமாக. ஏ, பி இரண்டுக்கும் அஸ்திவாரமாக எச் என்று ஒரு பொருள் ரத்த அணுவின் மேல் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் மாடி எழும்பாது. 1952-இல் பம்பாயில் ஒய். எம். பெண்டேயும் கூட்டாளிகளும் கண்டுபிடித்ததால் அதற்குப் பாம்பே வகை என்றே பெயர். சாதாரணச் சோதனையில் ஓ என்றுதான் வரும். ஆனால் ஓ ரத்தத்தை ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. இன்னொரு பாம்பே வகைக்காரர்தான் கொடுக்க வேண்டும். வேறு நாடுகளில் லட்சக்கணக்கானவர்களில் ஒருவர், இந்தியாவில் சுமார் 10,000 பேரில் ஒருவர் என்பார்கள். ஆகவே பிள்ளையின் அட்டையில் இருக்கும் எழுத்தை வைத்து யாரும் யாருடைய கற்பையும் அளக்கக் கூடாது.

இந்த எச் இல்லாத சீட்டும் ஒளிந்தே வருவது. தாயிடமும் தகப்பனிடமும் ஒவ்வொன்று இருந்தால்தான் வெளிப்படும். எங்கள் பக்கம் அக்கா மகளைக் கட்டுவது இன்னும் வழக்கம். இந்த வீட்டிலும் பெரிய மகளை அம்மாவின் தம்பிக்குக் கொடுக்கலாமா என்று பேச்சு ஓடுகிறது. “பிறக்கிற குழந்தைக்கும் கண்ணு இப்படி ஆகுமா சார்?” என்று கேட்டார். கண்ணுக்காகப் பயப்பட வேண்டாம். தம்பிக்கு அப்பாவிடமிருந்து வந்தது ஒய்தான், அவரிடம் அந்தக் கண்ணே இல்லை. பெரிய மகள் சுமந்தால் அவளுடைய மகன்களுக்கு வரலாம், அது அவள் யாரைக் கட்டினாலும் ஒன்றுதான். ஆனால் மாமனும் அக்கா மகளும் ஒரே வீட்டுச் சீட்டுகளில் கால் பங்குக்குப் பங்காளிகள். ஒளிந்திருக்கிற வேறு குறைகள் ஜோடி சேர அது வசதி. அதற்காகத்தான் யோசிக்க வேண்டும் என்றேன். மாமன் உறவின் அருமை தெரியாமல் நான் இதைச் சொல்லவில்லை. காது குத்தும்போது பிள்ளையை மடியில் வைத்துக்கொள்கிற உறவு அது. மடியிலேயே வைத்துக்கொள்ளட்டும்.

இந்தக் கண்ணைப் பற்றி ஆராய்ந்தவர்களில் ஒருவர் நம் நாட்டிலேயே வந்து தங்கி இறந்தார். ஜே. பி. எஸ். ஹால்டேன். நிறப்பார்வைக் குறையும் ரத்தம் உறையாத ஹீமோஃபிலியாவும் ஒரே எக்ஸில் பக்கத்துப் பக்கத்தில் பயணம் செய்கின்றன என்று 1937-இல் ஜூலியா பெல்லுடன் சேர்ந்து காட்டியவர். 1957-இல் கல்கத்தாவுக்கு வந்து, 1964-இல் புவனேஸ்வரத்தில் காலமானார். காது மடலில் அடர்ந்து முடி வளர்வது அப்பாவிடமிருந்து மகனுக்கு ஒய் வழியாகப் போகிறது என்று அவரும் அவர் மாணவர் துரோணம்ராஜுவும் கருதினார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் பாடம் எடுத்தேன். தென்னிந்திய ஆண்களின் டிஎன்ஏவைச் சோதித்து 2004-இல் வந்த ஆய்வு அது ஒய்யில் இல்லை என்று சொல்லிவிட்டது. என்னிடம் படித்தவர்கள் இதை வாசித்தால் திருத்திக்கொள்ள வேண்டும்.

பையன் விஷயத்துக்கு வருகிறேன். சிவப்பு ஃபேஸ், பச்சை எர்த். மங்கலான வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிகிறவனை மெயின் லைனில் நிறுத்துவது ஆபத்துதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு வேலை ஆகாது என்பதற்கும் எந்த வேலையுமே ஆகாது என்பதற்கும் தூரம் இருக்கிறது. நம் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர் பணிக்குத் தேர்வான இளைஞர் ஒருவருக்கு இதே காரணத்தால் வேலை மறுக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்தில் ஒருமுறை வென்று, மேல்முறையீட்டில் தோற்று, உச்ச நீதிமன்றம் வரை போனார். சட்டத்தின் மாற்றுத்திறன் பட்டியலுக்குள் வராவிட்டாலும் அவருக்கு ஏற்றபடி பணியை அமைத்துக் கொடுப்பது நிர்வாகத்தின் கடமை என்று 2023 அக்டோபர் 16 அன்று தீர்ப்பு வந்தது. லேசான, நடுத்தரமான நிறக்குறை உள்ளவர்களுக்கு ஓட்டுநர் உரிமம் தரலாம் என்று 2020-லேயே மத்திய அரசு விதியைத் திருத்திவிட்டது.

என் ஆற்றாமை வேறு. நான் வேலை பார்த்த பள்ளியில் வருஷா வருஷம் கண் சோதித்தோம். தூரத்து எழுத்து தெரிகிறதா என்று கேட்டதோடு சரி. எட்டாம் வகுப்பில் ஐந்து நிமிஷம் அந்தப் புள்ளிப் புத்தகத்தைக் காட்டியிருந்தால் இந்தப் பையன் எலக்ட்ரீஷியனுக்குப் பதிலாக டர்னரோ ஃபிட்டரோ எடுத்திருப்பான். இரண்டு வருஷம் மிஞ்சியிருக்கும். அந்தப் புத்தகத்தை இப்போது என் காசில் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். சந்தேகம் வந்தால் கண் மருத்துவரிடம் அனுப்புவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவின் தங்கை மகன் ஊரிலிருந்து வந்திருந்தான். ஒன்பதாவது படிக்கிறான், டிப்ளமோ எலக்ட்ரானிக்ஸ்தான் படிக்கப் போகிறானாம். பெரியம்மாவே கையைப் பிடித்து அழைத்து வந்தார். வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்து முதல் பக்கத்தைப் பிரித்தேன். “பன்னெண்டு” என்றான். அடுத்த பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

“மூணு.”

அவன் அம்மாவும் பெரியம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பையன் எங்களை எல்லாம் மாறி மாறிப் பார்த்து, தப்பாகச் சொல்லிவிட்டேனா என்றான். நடைவாசலில் நின்றிருந்த அண்ணன் உள்ளே வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து, புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“எனக்கும் மூணுதான்டா.”