கேட்டுவிட்டுக் கையொப்பமிடுங்கள்



"டொக்டர் சொன்னால் சரிதானே, பிள்ளை?" என்று சொல்லி, படிவத்தை வாசிக்காமலே கையொப்பமிடும் தாய்மாரை என் பணியில் அடிக்கடி காண்கிறேன்.

பாரிசில் 1999இல், நோயெதிர்ப்புச் சக்தியின்றிப் பிறந்த ஆண் குழந்தைகளுக்கு, மாற்றியமைத்த வைரசின் மூலம் நல்ல பரம்பரை அலகைக் கலங்களுக்குள் செலுத்தத் தொடங்கினார்கள். பெரும்பாலானோர் தேறினர். ஆனால் பின்னர் நால்வருக்குக் குருதிப் புற்றுநோய் வந்தது. ஒரு பிள்ளை இறந்தது. வைரசிலிருந்த தூண்டும் பகுதி, அருகிலிருந்த புற்றுநோய் அலகையும் தூண்டிவிட்டது. அப்பகுதியை நீக்கிப் புதிய வைரசை வடிவமைத்தனர். 2014இல் வெளியான ஆய்வில், அதைப் பெற்ற 9 பிள்ளைகளில் எவருக்கும் அதுவரை புற்றுநோய் வரவில்லை.

தொடர்ந்து கண்காணித்ததால்தான் தவறு தெரிந்தது, மறைக்காததால்தான் திருந்தியது. "என்ன தீங்கு வரலாம்? எவ்வளவு காலம் பிள்ளையைப் பார்ப்பீர்கள்?" என்று நாம் கேட்பது மரியாதைக்குறைவல்ல. அது தாயின் உரிமை.