முதலெழுத்தைத் தொலைத்துத் திரும்பிய சொல்

கோடை தொடங்கியதும் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நார்த்தங்காய் காயும். காயைத் துண்டு போடாமல் சுருள் சுருளாக அரிந்து, சுருளின் இடுக்கெல்லாம் கல்லுப்பைத் திணித்து ஜாடியில் போடுவார் அம்மா. பகலில் வெயில், இரவில் மறுபடி உப்புநீர். ஊறியும் காய்ந்தும் கறுத்துப்போன அந்தத் துண்டுதான், காய்ச்சலில் கசந்து கிடக்கும் நாக்குக்கு முதலில் ருசியைத் திருப்பித் தரும். உடம்பு தேறியதும் பார்க்க வருபவர்கள் வாங்கி வருவது ஆரஞ்சுப் பழம். நார்த்தங்காயும் ஆரஞ்சும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள் என்பது மொழியியல் படிக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நாரத்தை என்பது எழுத்து வழக்கு. மலையாளத்தில் அது நாரங்ங, தெலுங்கில் நாரிஞ்ஜ. வடமொழியில் நாரங்க என்று வழங்கியது, பாரசீகத்தில் நாரங் ஆகி, அரபியில் நாரஞ்ஜ் ஆனது. அரபியர் கசப்பு ஆரஞ்சு மரத்தை மத்தியதரைக் கடல் நாடுகளுக்குக் கொண்டுசென்றபோது பெயரும் கூடவே போனது. ஸ்பானிய மொழியில் 'நாரன்ஹா', ஹங்கேரிய மொழியில் 'நாரன்ச்' என்று இன்றும் முதலெழுத்து அப்படியே இருக்கிறது. போர்த்துகீசியர் மட்டும் நகரத்தை லகரமாக்கி 'லரான்ஜா' என்றனர்.

இத்தாலியிலும் பிரான்சிலும்தான் அந்த 'ந' உதிர்ந்தது. அம்மொழிகளில் 'ஒரு' என்பதற்கு உரிய சொல் 'ன்' ஒலியைக் கொண்டது. 'உனா நாரன்ச்சா' என்று வேகமாகச் சொல்லும்போது, அந்த 'ந' முன்சொல்லின் கடைசியா, பின்சொல்லின் முதலா என்று காதுக்குப் பிடிபடவில்லை. கேட்டவர்கள் அதை முன்சொல்லோடு சேர்த்துவிட்டார்கள். இத்தாலியில் 'அரான்ச்சா' மிஞ்சியது. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனதும் 'ந' இல்லாத வடிவமே. ஆங்கிலேயர் வழியாக அது ஆரஞ்சு என்று தமிழுக்கு வந்தபோது, வீட்டில் இருந்த நாரத்தைக்கும் அதற்கும் உறவு இருப்பது யாருக்கும் தெரியவில்லை.

ஐரோப்பாவுக்கு முதலில் போனது கசப்புப் பழம். இனிப்பு ஆரஞ்சு பெரிதாகப் பரவியது 15, 16ஆம் நூற்றாண்டுகளில். அந்த வணிகத்தில் போர்த்துகீசியருக்குப் பெரும் பங்குண்டு. பழம் புதிது என்பதால் பல மொழிகள் புதுப்பெயர் இட்டன. அரபியில் 'புர்துகால்', துருக்கியில் 'போர்டகால்', கிரேக்கத்தில் 'போர்டோகாலி'. எல்லாமே போர்த்துகல் என்ற நாட்டின் பெயர். டச்சுக்காரர் 'சினாசாப்பல்' என்றனர். சீனத்து ஆப்பிள் என்று பொருள். ஆக, ஒரு பெயரில் பழம் விளைந்த இடம், மற்றொன்றில் அதை விற்றவர் நாடு. பாரசீகத்தில் இன்று இனிப்புப் பழம் 'போர்தெகால்', ஆனால் அதன் நிறம் மட்டும் 'நாரெஞ்சி'. பழத்தை விட்டு விலகிய பழைய பெயர் நிறத்தில் தங்கிவிட்டது.

நிறத்துக்கு வேறொரு கதையும் உண்டு. பழம் வருவதற்கு முன், பழைய ஆங்கிலத்தில் அந்த நிறத்தை மஞ்சள்-சிவப்பு என்று பொருள்படும் கூட்டுச் சொல்லால் குறித்தார்கள். நாம் செம்மஞ்சள் என்பதும் அப்படித்தான். நெதர்லாந்தின் தேசிய நிறத்துக்கோ பழம் மூலமே அல்ல. தெற்கு பிரான்சில் ஒராஞ்ச் என்றோர் ஊர் உண்டு. ரோமானியர் காலத்துப் பெயர் அராவுசியோ. 1544இல் அந்தச் சிற்றரசுக்கு உரிமை பெற்றவர் வில்லியம். பின்னாளில் டச்சு விடுதலைப் போரை நடத்தியவர் அவரே. ஊர்ப்பெயரும் பழப்பெயரும் தற்செயலாக ஒலியில் ஒன்றுபட, அரச குடும்பத்தின் நிறமாயிற்று செம்மஞ்சள். ஒலி ஒத்திருப்பதால் மட்டும் சொற்கள் உறவாகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

இந்தப் பாடம் நமக்கே அதிகம் தேவை. ஆரஞ்சு தமிழ்ச்சொல் என்று மேடையில் முழங்குவோர், நறுமணம் என்ற பொருளில் வழங்கிய நாற்றத்தையும் நாறு என்ற வினையையும் வேராகக் காட்டுகிறார்கள். கைதட்டல் கிடைக்கும், ஆனால் நாறு என்பதில் வல்லின றகரம், நாரத்தையில் இடையின ரகரம். இந்த வேறுபாட்டை விளக்காமல் அந்த வேரை ஏற்க முடியாது. குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் வரும் நரந்தத்தை நாரத்தம்பூ என்று கொள்வோர் உண்டு. புறநானூற்றிலோ நரந்தை என்பது கவரி மேயும் மணப்புல். சொல்லின் மூலம் திராவிடம் என்பது அகராதிகள் பலவும் ஏற்கும் வலுவான கருத்து. அதற்கு மேல் ஓர் அடி வைப்பதானாலும் சான்றோடு வைக்க வேண்டும். பொய்யான வேர் ஒன்று அம்பலமானால், மெய்யான நூறு வேர்களையும் உலகம் சந்தேகிக்கும்.

சான்று எங்கே கிடைக்கும்? பெரும்பாலும் அடுக்களையில். கேரளத்துக் கடையில் 'நாரங்ஙா வெள்ளம்' கேட்டால் கிடைப்பது எலுமிச்சைச் சாறு. அதே சொல் அங்கே வேறொரு காயைத் தேடிக்கொண்டது. இலங்கைத் தமிழர் ஆரஞ்சைத் தோடம்பழம் என்கிறார்கள். இங்கே கிச்சிலி, கமலாப்பழம் என்ற பெயர்களும் உண்டு. நாரத்தை இலையை இடித்துச் செய்யும் துவையலுக்குப் பெயர் வேப்பிலைக்கட்டி. அதில் வேப்பிலை ஒன்றுகூடக் கிடையாது. பெயரை மட்டும் பார்த்து எழுதும் அகராதிக்காரர் இங்கே இடறி விழுவார். அதை இடித்துக் கொடுத்தவரிடம் கேட்டவர் விழமாட்டார்.

பழக்கடைப் பலகைகளில் இப்போது ஆரஞ்சு என்ற ஒரே பெயர்தான். மற்ற பெயர்களைச் சொல்லும் வாய்கள் மூப்பெய்தி வருகின்றன. உங்கள் வீட்டுப் பெரியவரிடம் இந்த வாரமே கேளுங்கள்: எந்தக் காயை எந்தப் பெயரால் அழைத்தார்கள், எந்த ஊரில், எப்படிச் சமைத்தார்கள் என்று. கேட்டதை ஊர்ப்பெயரோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மேடை முழக்கத்தைவிட அந்த நோட்டுதான் தமிழுக்கு உதவும்.

(கட்டுரையாளர்: சொற்பிறப்பியல் ஆய்வாளர்)