எங்கே அந்தப் பெண்மணி?

பேரீச்ச மட்டைகளால் கூரை வேய்ந்த மதீனத்துப் பள்ளிவாசலை ஓர் ஏழைப் பெண்மணி பெருக்கித் தூய்மை செய்து வந்தார். கறுத்த நிறத்தவர். செல்வமோ குலச் சிறப்போ அவருக்கு இருந்ததாக எவரும் கூறவில்லை. ஒரு நாள் அவரைக் காணாத அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அவர் எங்கே என்று தோழர்களிடம் வினவினார்கள். அவர் மௌத்தாகிவிட்டார் என்று விடை வந்தது. இரவு நேரமாதலால் பெருமானாரின் உறக்கத்தைக் கலைக்க விரும்பாமல் தோழர்களே அடக்கம் செய்துவிட்டார்கள் என்று சில அறிவிப்புகள் விளக்குகின்றன. தமக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று அண்ணலார் கேட்டார்கள். அவருடைய கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று, அவருக்காகத் தொழுதார்கள்.

அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக புகாரி, முஸ்லிம் ஆகிய இரு பெரும் நூல்களிலும் பதிவான செய்தி இது. அப்பெண்மணியின் காரியத்தைத் தோழர்கள் சிறிதாக எண்ணிவிட்டனர் போலும் என்னும் குறிப்பும் அதில் காணப்படுகிறது. இறந்தவர் ஆணா பெண்ணா என்பதிலேயே அறிவிப்பாளர் ஒருவருக்கு ஐயம் வந்துவிட்டது. உம்மு மிஹ்ஜன் என்ற பெயர் வேறு அறிவிப்பிலிருந்துதான் நமக்குக் கிடைக்கிறது. ஊரார் நினைவில் அவ்வளவு மங்கலாக இருந்த ஒருவர், அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்களின் நினைவில் தெளிவாக இருந்தார்!

சமுதாயத்திற்கு உழைக்கும் பெண்மக்களைச் சிறப்பிப்பது எவ்வாறு என்னும் வினாவுக்கு இந்நிகழ்ச்சியே முதல் விடை. இந்நாளில் சிறப்பித்தல் என்றவுடன் பொன்னாடையும் கேடயமும் மேடையும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை தீயவை என்று நாம் கூறவரவில்லை. ஆயினும் அவற்றுக்கெல்லாம் முன்னே நிற்பது, ஒருவரைக் காணாதபோது "எங்கே அவர்?" என்று கேட்கும் மனம். அந்த மனம் இல்லாத இடத்தில் போர்த்தப்படும் பொன்னாடை வெறும் துணியே.

நம் மஹல்லாக்களை ஒருகணம் எண்ணிப் பாருங்கள். வீட்டுத் திண்ணையிலோ முன்கூடத்திலோ தெருப் பிள்ளைகளை அமர்த்தி, அலிஃப் முதல் குர்ஆன் முடிக்கும் வரை ஓதிக்கொடுக்கும் அம்மா ஒருவர் இருப்பார். தந்தையற்ற குமர்ப் பிள்ளையின் நிக்காஹ் செலவுக்காக வீடு வீடாகச் சென்று உதவி கேட்டுச் சேர்க்கும் மாமி ஒருவர் இருப்பார். உலை வைக்கும்போதெல்லாம் மதரஸாவுக்கென ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்த பாட்டிமார் எத்தனையோ பேர். இவை எல்லாவற்றிற்கும் மேலாக, எந்த வீட்டில் பெண் மௌத்தானாலும், நடுநிசி என்றும் பாராமல் எழுந்து சென்று, மையித்தைக் குளிப்பாட்டிக் கபனிடும் பெண்மணி ஒருவர் இருப்பார். பள்ளிவாசல் கட்டட நிதிக்கு அளித்தோரின் பெயர்கள் பளிங்குக் கல்லில் இருக்கின்றன. இப்பெண்மணிகளின் பெயர்கள் எங்கே இருக்கின்றன?

செல்வம் படைத்த பெண்மக்களின் அறத்தை வரலாறு மறந்ததில்லை. கலீபா ஹாரூன் ரஷீதின் துணைவியார் ஜுபைதா அம்மையார், கூஃபாவிலிருந்து மக்கா செல்லும் நெடும்பாலை வழியில் கிணறுகளும் நீர்த்தொட்டிகளும் தங்குமிடங்களும் அமைக்கப் பெரும் பொருள் செலவிட்டார். மக்காவுக்கும் அரஃபாத்துக்கும் நீர் வரச் செய்தார். 831ஆம் ஆண்டில் அவர் மறைந்து பல நூற்றாண்டுகள் கடந்தும் அவ்வழி அவர் பெயராலேயே வழங்குகிறது. அல்லாஹ் அவருடைய அறத்தை ஏற்பானாக! ஆனால் பொருளைக் கொடுத்தவரின் பெயர் நிலைத்ததைப்போல, உடலுழைப்பைக் கொடுத்தவரின் பெயர் நிலைப்பதில்லை. அக்குறையை நிரப்பும் கடமை நம்மைச் சார்ந்தது.

இங்கே சிலர் ஒரு தடை எழுப்புவர். "அல்லாஹ்வுக்காகச் செய்த தர்மத்தை மறைக்க வேண்டுமல்லவா? வெளிப்படுத்திப் புகழ்ந்தால் ரியா என்னும் முகஸ்துதி புகுந்துவிடாதா?" நல்ல கேள்விதான். தர்மத்தை வெளிப்படையாகச் செய்வதும் நன்றே, மறைத்து ஏழைகளுக்கு அளிப்பது அதனினும் மேலானது என்ற கருத்தைத் திருமறையின் அல்பகரா அத்தியாயம் 271ஆம் வசனம் உணர்த்துகிறது. ஆனால் மறைக்கும்படி ஊக்கப்பட்டவர் யார்? கொடுப்பவர். பெற்றுக்கொண்டவருக்கு இடப்பட்ட கடமை வேறு. மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவராகார் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் உணர்த்தியதாக அபூதாவூதும் திர்மிதியும் பதிவு செய்துள்ளனர். தம் தொண்டை மறைப்பது அப்பெண்மணியின் பண்பு. அதனைத் தேடி அறிவது நம் பொறுப்பு. அவருடைய அடக்கத்தை நம் நன்றியின்மைக்குத் திரையாக்கிக்கொள்வது நேர்மையன்று.

"பெண்களை மேடையேற்றுவதா?" என்று இன்னும் சிலர் தயங்குவர். மேடை வேண்டுமென்று யார் கேட்டார்? ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு கைபர்ப் போருக்குப் புறப்பட்டபோது, காயமுற்றோருக்கு மருந்திடவும் இயன்ற உதவி புரியவும் கிஃபார் குலத்துப் பெண்கள் சிலர் உடன்வர இசைவு கேட்டனர். அண்ணலார் வாழ்த்தி இசைவளித்தார்கள். அவர்களுள் வயதில் மிக இளையவர் ஒருவர். கைபரில் கிடைத்த பொருள்களிலிருந்து ஒரு கழுத்தணியை எடுத்து, அவ்விளம்பெண்ணின் கழுத்தில் பெருமானார் தம் கையாலேயே அணிவித்தார்கள் என்று வரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக் பதிவு செய்துள்ளார். அப்பெண்மணி தம் வாழ்நாள் முழுவதும் அதைக் கழற்றவில்லை. இறந்தபின் தம்முடனேயே அதையும் அடக்கம் செய்ய வேண்டுமென வஸிய்யத்தும் செய்தார். செய்த தொண்டைக் கண்ணால் கண்டு, காலம் தாழ்த்தாமல் அளித்த மரியாதை அது. அதனால்தான் அது ஆயுள் முழுவதும் அவருடன் நின்றது.

பரிசளிப்பது ஒரு வகை மரியாதை. பொறுப்பை ஒப்படைப்பது அதனினும் உயர்ந்தது. அகழ்ப்போரில் அம்பு தைத்துக் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை, பள்ளிவாசலில் ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணியின் கூடாரத்தில் சேர்க்கும்படி அண்ணலார் பணித்தார்கள். காயமுற்றோருக்கு மருத்துவம் செய்வதையும் ஆதரவற்றோரைப் பேணுவதையும் இறைக்கூலி நாடித் தம் பணியாக ஏற்றவர் அப்பெண்மணி. அன்ஸாரித் தலைவர் ஒருவரின் உயிரை நம்பி ஒப்படைத்ததைவிட, அவருடைய தொண்டுக்கு வேறென்ன சான்றிதழ் வேண்டும்?

இவ்வரிசையில் நம் உள்ளத்தில் ஆழப் பதிய வேண்டியவர் உம்மு அதிய்யா (ரலி) அவர்கள். பெருமானாருடன் ஏழு போர்ப் பயணங்களில் சென்று, பாசறையில் தங்கி உணவு சமைத்தவர். காயமுற்றோருக்கு மருந்திட்டு, நோயுற்றோரைப் பேணியவர். ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில் பெருமானாரின் அருமை மகளார் ஜைனப் (ரலி) அவர்கள் மறைந்தபோது, அவர்களைக் குளிப்பாட்டும் பொறுப்பு உம்மு அதிய்யாவிடமும் உடனிருந்த பெண்களிடமும் வந்தது. இலந்தை இலை கலந்த நீரால் ஒற்றைப்படையாக மூன்று முறையோ ஐந்து முறையோ குளிப்பாட்டும்படியும், இறுதியில் கற்பூரம் சேர்க்கும்படியும், வலப்புறத்திலிருந்தும் உளூவின் உறுப்புகளிலிருந்தும் தொடங்கும்படியும் அண்ணலார் கற்பித்தார்கள். தேவையென்று அப்பெண்கள் கருதினால் அதனினும் கூடுதலாகச் செய்யலாம் என்று அவர்களுடைய முடிவுக்கே விட்டார்கள். பணி முடிந்ததும் தம் இடுப்பாடையைத் தந்து, மகளாரின் உடலோடு ஒட்டியதாக அதை உடுத்தச் செய்தார்கள்.

மகளை இழந்த தந்தை, அந்தத் துயர நேரத்திலும், பணி செய்யும் பெண்களின் அறிவை நம்பி முடிவை அவர்கள் கையில் தந்ததைக் கவனியுங்கள். உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் பிற்காலத்தில் பஸராவில் வாழ்ந்தார்கள். அந்நகரத்து அறிஞர்கள் மையித்தைக் குளிப்பாட்டும் முறையை அவர்களிடமே கற்றார்கள். இமாம் இப்னு ஸீரீனும் அவருடைய சகோதரி ஹஃப்ஸாவும் அவர்களிடமிருந்து இச்செய்தியை அறிவித்தவர்கள். குளிப்பாட்டும் சட்டத்தின் பேரிலக்கணம் இன்றளவும் அவர்களுடைய அறிவிப்பிலேயே நிற்கிறது. தொண்டு புரிந்த பெண்மணிக்கு இச்சமுதாயம் செய்த மிகப் பெரிய மரியாதை இதுவே: அவரிடமிருந்து கற்றுக்கொண்டது.

இன்று நம் ஊர்களில் நிலை என்ன? மையித்தைக் குளிப்பாட்டுவது பர்ளு கிஃபாயா. ஊரில் சிலர் நிறைவேற்றினால் எல்லார் மீதிருந்தும் கடமை நீங்கும். ஒருவருமே செய்யாவிடில் அறிந்திருந்தும் இயன்றிருந்தும் விட்டவர் அனைவரும் குற்றவாளியாவர். பெண் மையித்தைக் குளிப்பாட்டப் பெண்களே முன்வர வேண்டும். ஆயினும் பல மஹல்லாக்களில் இப்பணி முதுமையடைந்த ஓரிருவர் கைகளிலேயே தங்கியிருக்கிறது. முழங்கால் வலியோடும் கண் மங்கலோடும் அவர்கள் வருகின்றனர். அவர்களுக்குப் பின் யார் என்று கேட்டால் விடையில்லை. இளம்பெண்கள் அஞ்சி ஒதுங்குகின்றனர். அவர்களின் தாய்மார்கள், "உனக்கேன் அந்த வேலை?" என்று தடுக்கின்றனர். இன்னும் சில இடங்களில், மையித்தைக் குளிப்பாட்டும் பெண்ணை மணவீட்டின் முன்வரிசையில் அமர்த்தவும் தயங்குகின்றனர். பெருமானாரின் மகளைக் குளிப்பாட்டிய கரங்களுக்கு வாரிசான கரங்கள் அவை! அவற்றைத் தீக்குறியாகக் கருதும் அறியாமைக்கு மார்க்கத்தில் இடமே இல்லை.

தொண்டு புரியும் பெண்களைச் சமுதாயம் தாங்கி நின்றால் என்ன விளையும் என்பதற்கு அண்மைக்காலச் சான்றொன்று கூறுவோம். 1947இல் குஜராத்தின் பாண்ட்வாவில் பிறந்து, கராச்சியில் வாழ்ந்த பில்கீஸ் ஈதி அம்மையார் செவிலியராகப் பணி தொடங்கியவர். கணவர் அப்துல் சத்தார் ஈதியுடன் சேர்ந்து, பெற்றோர் கைவிடும் சிசுக்களைக் காக்க நிலையங்களின் வாயிலில் தொட்டில்களை வைத்தார். கொன்றுவிட வேண்டாம், தொட்டிலில் விட்டுச் செல்லுங்கள் என்பதே அவர்கள் விடுத்த வேண்டுகோள். யார் விட்டார், ஏன் விட்டார் என்று கேட்பதில்லை. ஆயிரக்கணக்கான குழந்தைகள் அவ்வாறு பிழைத்துப் புது இல்லங்களை அடைந்தன. எல்லை கடந்து வந்துவிட்ட, காது கேளாத இந்தியப் பெண்ணொருத்தியைப் பல்லாண்டு பேணி 2015இல் தாயகம் அனுப்பியதும் அவர்கள் நிலையமே. 1986இல் கணவருடன் மகசேசே விருது பெற்ற அம்மையார் 2022 ஏப்ரலில் மறைந்தார். விருது பெருமைக்குரியதுதான். ஆனால் பொதுமக்கள் நம்பிக் கொடுத்த நன்கொடையே அந்தத் தொட்டில்களை நிலைக்கச் செய்தது.

ஆகவே, ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் குடும்பத் தலைவர்களுக்கும் நாம் முன்வைக்கும் வேண்டுகோள் இது. முதலாவதாக, உங்கள் மஹல்லாவில் இறைவனுக்காகப் பொதுப்பணி புரியும் பெண்மக்கள் யார் யார் என்று வீட்டுப் பெண்களிடம் கேட்டு அறியுங்கள். அவர்கள் இசைந்தால் ஜமாஅத் பதிவேட்டில் அவர்கள் பெயரை எழுதுங்கள். இரண்டாவதாக, அவர்களுடைய நலத்தை விசாரியுங்கள். ஊர்ப்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த அம்மா நோயுற்றுக் கிடக்கும்போது மருந்துச் செலவுக்குக் கையேந்த விடுவது ஊருக்கே இழுக்கு. அவர்கள் கேட்குமுன் கொடுங்கள், தர்மமாக அல்ல, கடனைத் திருப்புவதாக. மூன்றாவதாக, மையித்தைக் குளிப்பாட்டவும் கபனிடவும் அறிந்த மூத்த பெண்மணியை ஆசிரியராக அமர்த்தி, இளம்பெண்களுக்கு அவர் கற்பிக்க ஏற்பாடு செய்யுங்கள். பெண்கள் மதரஸாக்கள் பெருகியுள்ள இந்நாளில் இதற்கு இடமும் உண்டு, கற்போரும் உண்டு. நான்காவதாக, ஜகாத்தையும் பித்ராவையும் பங்கிடுமுன் அப்பெண்களின் ஆலோசனையைக் கேளுங்கள். எந்த வீட்டில் அடுப்பெரியவில்லை என்பது கணக்கேட்டைவிட அவர்களுக்கே நன்கு தெரியும்.

தாய்மார்களே, உங்களுக்கும் ஒரு சொல். உங்கள் மகளின் கையைப் பிடித்து அப்பெண்மணியிடம் அழைத்துச் செல்லுங்கள். "இவரிடம் கற்றுக்கொள்" என்று கூறுங்கள். அந்த ஒரு சொல், நூறு பாராட்டுரைகளைவிட அவர் உள்ளத்தைக் குளிர்விக்கும். அவர் பணி அவரோடு மடியாது என்னும் உறுதியை அவருக்குத் தரும். ஆணாயினும் பெண்ணாயினும் உழைப்பவர் எவருடைய உழைப்பையும் வீணாக்குவதில்லை என்று ஆலு இம்ரான் அத்தியாயம் 195ஆம் வசனத்தில் இறைவன் வாக்களித்திருக்கிறான். அவன் வீணாக்காததை நாம் வீணாக்கலாமா?

அண்ணலார் (ஸல்) அவர்கள் அந்த ஏழைப் பெண்மணியின் கப்ருக்குச் சென்றது, உயிரோடிருந்தபோது அவரை மறந்திருந்ததை ஈடு செய்வதற்காக அன்று. அவர் இருந்தவரை கண்டுவந்தார்கள், காணாதபோது கேட்டார்கள். நாமோ பெரும்பாலும் இரங்கல் கூட்டத்தில்தான் நினைக்கிறோம். இன்று ஜும்ஆ முடிந்து வீடு திரும்பியதும், உங்கள் தெருவின் அந்தப் பெண்மணி எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள். அவர் இன்னும் நம்மோடு இருக்கும்போதே கேளுங்கள்.

தொண்டு புரியும் நம் பெண்மக்களின் நற்செயல்களை வல்ல நாயன் ஏற்றருள்வானாக! மறைந்த அன்னையரின் கப்ருகளை ஒளியுடையவையாக ஆக்குவானாக! அவர்களின் பணியைத் தொடரும் தலைமுறையை நம்மிடையே தோற்றுவிப்பானாக! ஆமீன்.