மான் கறி கேட்கும் முன்

“கூட்டமில்லாத காடு எங்கேண்ணே இருக்கு? மான் வேட்டைக்குப் போகலாமே!” என்று பிரிக்பீல்ட்ஸில் ஒரு தம்பி என்னிடம் கேட்டார். அமெரிக்காவில் எல்க் மான் வேட்டைக்காரர்கள் இப்படித்தான் சாலையிலிருந்து விலகிய அரசு நிலத்தைத் தேடுகிறார்கள். ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில்தான் மான் தங்கும்.

நம் காட்டில் அதே மானுக்காகப் புலியும் காத்திருக்கிறது. ருசா, கிஜாங் இரண்டும் அதன் இரை. அதனால்தான் தீபகற்பத்தில் 2009இல் இவற்றின் வேட்டைக்குத் தடை வந்தது, பிறகு நீட்டிக்கப்பட்டது. 2016 முதல் 2020 வரை நடந்த கணக்கெடுப்பில் மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு என்று தெரிந்தது. காட்டில் மான் குறைந்தால், புலி கம்பத்து மாட்டைத் தேடி வரும்.

தம்பியிடம் சொன்னேன்: கேமராவோடு போங்கள். கடையில் மான் கறி என்றால், பண்ணை மானா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.