எளிமையை யாரிடம் கேட்கிறோம்?



டிசம்பர் பிறந்தால் எங்கள் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு கேள்வி தவறாமல் வரும். நத்தாருக்கு வாழ்த்துச் சொல்லலாமா, கூடாதா? ஒருவர் ஒரு மௌலவியின் குரல்பதிவைப் போடுவார். இன்னொருவர் வேறொரு மௌலவியின் குரல்பதிவைப் போடுவார். 25ஆம் திகதி முடிந்ததும் எல்லாரும் அடங்கிவிடுவோம். இந்த வருடம் அந்தக் கேள்வியே வரவில்லை என்று எழுத ஆசைதான். வந்தது. ஆனால் யாரும் பெரிதாக மல்லுக்கு நிற்கவில்லை. அந்தச் செய்திக்கு மேலேயும் கீழேயும் பாய், பால்மா, பிள்ளைகளின் உடுப்பு, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்ற விசாரிப்புகள்தான் ஓடிக்கொண்டிருந்தன.

நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி என்ன செய்துவிட்டுப் போனது என்று மலையகத்தில் இருப்பவர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. நாடு முழுவதும் 600க்கு மேற்பட்ட உயிர்கள். அதில் பெரும்பங்கு கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில். கம்பளையில் மகாவலி ஊருக்குள்ளேயே வந்தது. நாட்கணக்கில் மின்சாரம் இல்லை, போன் இல்லை, பாதை இல்லை. கொழும்பு ரயில் ஹற்றனுக்கு வராமல் நின்றது. கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலைக்கு நிற்கும் தோட்டத்துப் பிள்ளைகள் இம்முறை பஸ்ஸில் நின்றுகொண்டுதான் நத்தாருக்கு வந்து சேர்ந்தார்கள்.

இந்த நிலைமையில் "இம்முறை நத்தாரை எளிமையாகக் கொண்டாடுவோம்" என்ற பேச்சு எல்லாப் பக்கமும் கேட்கிறது. நல்ல பேச்சுதான். அலங்காரத்துக்கும் விருந்துக்கும் போகிற காசு வீடிழந்தவர்களுக்குப் போகட்டும் என்பதில் யாருக்கு மறுப்பு? ஆனால் ஹோட்டல் விருந்தை ரத்துச் செய்கிறவருக்கு அந்த வார்த்தையில் ஓர் அர்த்தம் இருக்கிறது. டிக்கோயாவுக்கு மேலே ஒரு லயனில் இருக்கும் அம்மாவுக்கு என்ன அர்த்தம்? அவர் எதைக் குறைப்பது?

தோட்டத்து நத்தாரைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கிறிஸ்தவக் குடும்பங்கள் ஒரு தோட்டத்தில் பத்து இருக்கும், இருபது இருக்கும். கோயில் என்றால் பல இடங்களில் தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கட்டடம். பாதர் எப்போதாவது பூசைக்கு வருவார், மற்ற ஞாயிறுகளில் உபதேசியார்தான் செபம் நடத்துவார். பொடியன்கள் மூங்கில் பிளந்து நட்சத்திரக் கூடு கட்டுவார்கள். குடிலுக்கு மானாப்புல், பாறையில் உரித்த பாசி, ஒரு சைப்ரஸ் கிளை. காசு கொடுத்து வாங்குவது உள்ளே வைக்கும் சின்னச் சொரூபங்கள் மட்டும்தான், அதுவும் போன வருடத்துப் பெட்டியிலேயே இருக்கும். இரவில் கரோல் போகும்போது மத்தளம் அடிப்பவர், அநேகமாக மாரியம்மன் திருவிழாவுக்கு அடிக்கும் அதே ஆள்தான். போகிற லயனில் எல்லாம் ஒரு பிளேன்டீ. நத்தார் அன்று பக்கத்துக் காம்பராவுக்கு ஒரு தட்டுப் பலகாரம் போகும், தீபாவளிக்கு வந்த தட்டுக்குப் பதில் தட்டு.

இதற்குக் காசு எங்கிருந்து? தோட்டம் கொடுக்கும் பண்டிகை முற்பணத்திலிருந்து. இந்துக்களுக்குத் தீபாவளிக்கு, கிறிஸ்தவர்களுக்கு நத்தாருக்கு. கொடுத்ததை வரும் மாதங்களின் சம்பளத்தில் வெட்டிக்கொள்வார்கள். 2025இல் நாள் சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. 2026 வரவுசெலவுத் திட்டத்தில் அதை 1,550 ஆக்கி, வேலைக்கு வந்த நாளுக்கு அரசாங்கம் 200 ரூபாய் சேர்த்து 1,750 தருவதாகச் சொன்னார்கள். சந்தோஷம். ஆனால் மண் சரிந்து தேயிலை மலை மூடிக் கிடக்கும் தோட்டத்தில் வேலை நாளே குறைந்துவிட்டது. இல்லாத நாளுக்கு 200ம் இல்லை, 1,550ம் இல்லை. இப்படியான வீட்டு வாசலில் நின்று எளிமையைப் பற்றிப் பேச எங்களுக்கு வாய் வராது.

எங்கள் பக்கத்துக் கணக்கையும் சொல்லத்தான் வேண்டும். ஹற்றனிலும் தலவாக்கலையிலும் நாவலப்பிட்டியிலும் புடவைக்கடை வைத்திருக்கும் எங்கள் ஆட்களுக்கு வருடத்தில் தீபாவளிக்கு அடுத்த பெரிய வியாபாரம் நத்தார். அந்த முற்பணத்தில் ஒரு பங்கு எங்கள் கல்லாப்பெட்டிக்குத்தான் வருகிறது. எங்களில் பலர் படித்து ஆசிரியரானதும் வாப்பாமாரின் அந்தக் கல்லாப்பெட்டியால்தான். ஆகவே எளிமையாகக் கொண்டாடுங்கள் என்று மேடையில் சொல்வது எங்களுக்குச் சுலபம், கடையில் நின்று சொல்வது கஷ்டம். இருந்தும் இம்முறை சில கடைக்காரர்கள், முகாமில் இருக்கும் குடும்பங்களின் கடன் கொப்பியை மார்ச் வரை திறப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறார்கள். பெயர் போட வேண்டாம் என்றார்கள், போடவில்லை. வாழ்த்துச் சொல்லலாமா என்று கேட்டவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

மார்க்க விஷயத்தில் எங்களிடம் மழுப்பல் இல்லை. ஈஸா அலைஹிஸ்ஸலாம் அவர்களை நாங்கள் நபியாக நம்புகிறோம். கிறிஸ்தவர்கள் இறைமகனாக நம்புகிறார்கள். அது பெரிய வித்தியாசம். அதைக் கலைத்துவிட்டு ஒற்றுமை பேசத் தேவையில்லை, அவர்களும் அதை எங்களிடம் கேட்கவில்லை. ஆனால் இரண்டு வேதத்திலும் அந்தப் பிறப்பு ஒரு வீட்டுக்குள் நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர்களுடைய நற்செய்தியில் சத்திரத்தில் இடமில்லை, பிள்ளையைத் தீவனத் தொட்டியில் கிடத்துகிறார்கள். எங்கள் குர்ஆனில் சூரா மர்யம் சொல்கிறது: மர்யம் அலைஹஸ்ஸலாம் தன்னந்தனியாக, பேறுகால வலியோடு ஒரு பேரீச்ச மரத்தடியில் ஒதுங்குகிறார்கள். இதற்கு முன்பே செத்துப்போயிருக்கக் கூடாதா என்று நினைக்கும் அளவுக்கு வேதனை. அந்த நேரத்தில் அவர்களுக்குக் கிடைத்தது காலடியில் ஓர் ஊற்றும், மரத்தை உலுக்கினால் விழும் பழமும், கவலைப்படாதே என்ற ஒரு குரலும். வருடக்கணக்காக ஓதுகிறோம். இந்த டிசம்பரில் பிரசவத்துக்கு நாள் நெருங்கிய தாய்மார் முகாம் தரையில் படுத்திருப்பதைப் பார்த்த பிறகு அந்த வசனங்களை ஓதுவது வேறு மாதிரி இருக்கிறது.

குடில் கட்டும் வழக்கத்தைப் பரப்பியவர் அசிசி நகரத்துப் பிரான்சிஸ். 1223இல் இத்தாலியில் கிரேச்சியோ என்ற மலைக் கிராமத்தில் ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை, இவ்வளவையும் வைத்துத்தான் அவர் நத்தார் கொண்டாடினார். அதே மனிதர் அதற்கு நான்கு வருடங்களுக்கு முன், 1219இல், சிலுவைப் போர் நடந்துகொண்டிருந்தபோது எகிப்தில் சுல்தான் அல்காமிலைப் போய்ச் சந்தித்தவர். சுல்தான் அவரைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பி அனுப்பினார். இருவரும் தங்கள் மார்க்கத்தை விடவில்லை. (வரலாறு படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு: வகுப்பில் சிலுவைப் போரோடு இதையும் சொல்லுங்கள்.)

இதை எழுதுவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் என்று மூன்று தேவாலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் 260க்கு மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். செய்தவர்கள் எங்கள் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிச் செய்தார்கள். அதற்குப் பிறகு மலையகத்திலும் எங்கள் கடை வாசலில் சனம் தயங்கியது, பஸ்ஸில் எங்கள் பெண்களுக்குப் பக்கத்து ஆசனம் காலியாகக் கிடந்தது. மே மாதம் நீர்கொழும்பில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டபோது அமைதி காக்கும்படி கேட்டவர்களில் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகையும் ஒருவர். தன் மக்களைப் பறிகொடுத்து இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. தோட்டங்களில் அந்த வருடமும் நத்தார் பலகாரத் தட்டு எங்கள் ஆசிரியர்களின் மேசைக்கு வந்தது. விசுவாசம் என்ற சொல்லை அவர்கள் அடிக்கடி பாவிப்பார்கள். எங்களுக்கு அதன் பொருள் அந்தத் தட்டில்தான் விளங்கியது.

இம்முறை பாடசாலை மீண்டும் தொடங்கிய நாளில் ஒரு வகுப்பறைக் கரும்பலகையில் சோக்கட்டியால் ஒரு குடில் வரைந்திருந்தது. சூறாவளி நாட்களில் அந்த அறையில் தங்கியிருந்த குடும்பத்துப் பிள்ளையின் வேலை. அழிக்கவா என்று கேட்டோம். "25 முடிஞ்சதும் அழிச்சிருங்க சேர்" என்றாள். பலகையின் மற்றப் பாதியில் கணக்குப் படிப்பித்தோம்.

அவர்களிடம் இல்லாதது எளிமையோ நம்பிக்கையோ இல்லை, சரியாத ஒரு துண்டு நிலம். வெள்ளைக்காரன் காலத்தில் துரைமார் பங்களாவுக்கு நல்ல மேடு பார்த்தார்கள், லயனை மீதி இடத்தில் சரிவிலும் ஓடைக்கரையிலும் வைத்தார்கள். இப்போது மண்சரிவு எச்சரிக்கை வந்தால் "பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுங்கள்" என்கிறார்கள். எந்த இடம்? காணி கம்பனியுடையது அல்லது அரசாங்கத்துடையது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போன பிறகு, தப்பியவர்களுக்குப் புது வீடு கிடைக்க இரண்டு வருடம் போனது. அதுவரை தேயிலைத் தொழிற்சாலையில் இருந்தார்கள். அந்த இரண்டு வருடத்தில் வந்த நத்தார்களும் தீபாவளிகளும் எவ்வளவு எளிமையாக இருந்திருக்கும்! இம்முறையும் அப்படி ஆகிவிடாமல், பிரதேச செயலகக் கூட்டங்களில் எங்கள் பள்ளிவாசல் நிர்வாகங்களும் வர்த்தகர் சங்கங்களும் தோட்ட மக்களின் காணிக்காகப் பேச வேண்டும். நிவாரணப் பொதி கட்டுவதில் எங்கள் ஆட்கள் கெட்டிக்காரர்கள். காணி என்று வரும்போது அது அவர்கள் பிரச்சினை என்று நகர்ந்துவிடுகிறோம்.

எளிமையைத் தேடுகிறவர்களுக்கு வேறு இடம் இருக்கிறது. பெப்ரவரியில் நோன்பு வருகிறது. இஃப்தார் மேசையில் பதினைந்து வகை வைத்துப் படம் போடுவதும், பெருநாளுக்கு ஒரே வீட்டுக்கு மூன்று சோடி உடுப்பு எடுப்பதும், மண்டபம் பிடித்து ஐந்நூறு பேருக்கு வலீமா கொடுப்பதும் எங்கள் பழக்கம். குறைப்பதற்கு எங்களிடம் நிறைய இருக்கிறது, அதில் கையை வைப்போம். வாழ்த்துச் சொல்வதா என்ற விவாதத்தை உலமாக்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இப்போதைக்கு ஒரு வேலை. ஜனவரியில் புதிய தவணை தொடங்குகிறது. தோட்டத்துப் பிள்ளைகளின் சப்பாத்தும் புத்தகப் பையும் சேற்றோடு போய்விட்டன. கிறிஸ்தவப் பிள்ளை, இந்துப் பிள்ளை என்று பிரித்துப் பட்டியல் எடுக்கவில்லை. பழைய உடுப்பு மூட்டை தயவுசெய்து வேண்டாம், அது முகாம்களில் குவிந்து கிடக்கிறது. கொடுக்கும்போது படம் எடுக்க மாட்டோம், ஆகவே படம் கேட்க வேண்டாம். சப்பாத்து அளவுகள் எங்களிடம் இருக்கின்றன, உள்பெட்டியில் கேளுங்கள். சின்ன வகுப்புப் பெண் பிள்ளைகளின் அளவுகள்தான் இன்னும் நிறையத் தேவை.