வந்த பலகாரமும் சொந்தப் பலகாரமும்

வேலையின் பொருட்டு நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூர் சென்று திரும்பும் நம் இளைஞர்கள், மாலையில் மோமோவை விரும்பி உண்கின்றனர். வீட்டுக் கொழுக்கட்டையையோ ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. இஃது நம் மூத்தோர் பலரின் மனக்குறை. இதனைச் சற்று ஆராய்ந்து நோக்குதல் நன்று.

மோமோ நேற்றுப் பிறந்த பண்டம் அன்று. சீன மொழியில் ஆவியில் வெந்த ரொட்டியைக் குறிக்கும் ஒரு சொல்லோடு அதன் பெயர் உறவுடையது என்பர். திபெத்தியரும் நேபாளியரும் அதனைத் தமதாக்கிக் கொண்டனர். 1959ஆம் ஆண்டிற்குப் பின் திபெத்தியர் பலர் அகதிகளாய் இந்தியா வந்தனர். 1961இல் நம் கருநாடக மாநிலத்துப் பைலகுப்பையில் அவர்க்கொரு குடியிருப்பு அமைந்தது. மலைநாட்டில் யாக் எருதின் இறைச்சியைப் பொதிந்து வைத்த அப்பண்டத்துள், இங்கே கோழிக்கறியும் முட்டைக்கோசும் புகுந்தன. காரமான மிளகாய்ச் சட்டினி துணை சேர்ந்தது.

சுரங்கத்தை நம்பி வாழ்ந்த நமக்கு இதனினும் நெருங்கிய சான்று ஒன்று உண்டு. 1880இல் கோலார் தங்கச் சுரங்கப் பணியை ஏற்றது ஜான் டெய்லர் கம்பெனி. அதன் மூலவராகிய ஜான் டெய்லர், 1824இல் மெக்சிகோ நாட்டு ரியல் டெல் மாண்ட்டே வெள்ளிச் சுரங்கங்களை நடத்தப் புறப்பட்ட கம்பெனியிலும் முன்னின்றவர். அங்குச் சென்ற கார்ன்வால் தொழிலாளர், இறைச்சியும் உருளைக்கிழங்கும் பொதிந்த ‘பாஸ்டி’ என்னும் பண்டத்தைச் சுரங்கத்துள் கொண்டுசென்று உண்டனர். மெக்சிகர் அதனுள் மிளகாயும் பயறும் இட்டு, ‘பாஸ்தே’ என வழங்கினர். அக்கம்பெனி மறைந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும், அவ்வூர்க் கடைகளில் பாஸ்தே இன்றும் விற்கிறது.

குடிபெயர்ந்தோரின் பண்டம் வாழ்வது, புதிய ஊரின் பொருளை ஏற்று அன்றாடம் சமைக்கப்படுவதாலேயே என்பது இவற்றால் விளங்கும்.

கொழுக்கட்டை பின்தங்கியதற்கும் காரணம் உண்டு. மைதா மாவு தண்ணீரில் பிசைந்தாலே இழுபடும்; மெல்லிதாய்த் தேய்க்கலாம். அரிசி மாவுக்கு அவ்விழுவை இல்லை. கொதிநீர் விட்டுக் கிளறினால்தான் வளையும், ஆறினால் விறைக்கும். ஆதலின் தெருக்கடைக்கு மோமோ எளிது. கொழுக்கட்டைக்கு வீட்டடுப்பும் பொறுமையும் வேண்டும். அப்பொறுமையை நாம் பிள்ளையார் சதுர்த்திக்கு மட்டுமே ஒதுக்கிவிட்டோம். குறை இளைஞரிடம் மட்டுமோ?

பேத்தமங்களா ஏரி பாலாற்று நீரைத் தேக்கிச் சுரங்க நகருக்கு அளித்தது. அதே பாலாறுதான், நம் முன்னோர் பலர் புறப்பட்டு வந்த வட ஆர்க்காட்டுச் சீமைக்கும் செல்கிறது. அவர்கள் கொணர்ந்த கொழுக்கட்டையைக் கன்னட அண்டை வீட்டார் அயலாய்க் கருதவில்லை. அவர்தம் ‘கடுபு’ அதற்கு உடன்பிறப்பே அன்றோ!

2001இல் சுரங்கம் மூடப்பட்டது. தங்கம் போயிற்று, கைப்பக்குவம் போகவேண்டியதில்லை. மோமோவைப் பழித்துப் பயனில்லை. ஞாயிறு மாலைகளில் இட்லிப் பானையை அடுப்பிலேற்றுவோம். கோலார்ச் சீமையின் கேழ்வரகு மாவையும் அரிசி மாவோடு சேர்ப்போம். பூரணம் எதுவென்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும். தேங்காயும் வெல்லமும் ஆயினும் சரி, முட்டைக்கோசும் மிளகும் ஆயினும் சரி. மாவைச் சொப்புப்போல் செய்யும் வித்தையை மட்டும் பாட்டிமார் அவர்தம் விரல்களுக்குப் பழக்கிவிடுவார்களாக.